முதல் ஒளி வளைவு எடுக்கப் போகிறவருக்கு: இலையின் ஒளி எதிர்வினையை அளக்கும் முழு வழி

ஆய்வகத்தில் சேர்ந்த சில வாரங்களில் "ஒரு லைட் கர்வ் எடுத்துட்டு வாங்க" என்று உங்கள் நெறியாளர் சொல்லிவிடுவார். ஒளியைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் இலை எவ்வளவு ஒளிச்சேர்க்கை செய்கிறது என்று அளந்து போடும் கோடுதான் இந்த ஒளி வளைவு. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது கருவியின் கையேட்டில் இருக்கும். ஆய்வுக் கட்டுரைகளோ செய்முறையை மூன்று வரியில் முடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலையை யாரும் ஒரே இடத்தில் எழுதி வைப்பதில்லை. அதைத் துண்டு துண்டாகக் கேட்டுக் கேட்டுத்தான் நான் சேர்த்துக்கொண்டேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அளக்கும் எண், அந்த நொடியில் இலை மேல் விழும் ஒளியை மட்டும் பொறுத்தது அல்ல. கடந்த அரை மணி நேரம் அந்த இலை எந்த ஒளியில் இருந்தது, கடந்த மூன்று வாரம் எந்த ஒளியில் வளர்ந்தது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

1. எந்தக் கால அளவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"இலை ஒளிக்கு எப்படி எதிர்வினை செய்கிறது" என்பது ஒரு கேள்வி இல்லை, பல கேள்விகள். நொடிகளில் நடப்பவை உண்டு: பச்சையத்தின் ஒளிர்வு ஏறி இறங்குவது, மிகுதி ஆற்றலை இலை வெப்பமாக வெளியேற்றத் தொடங்குவது. நிமிடங்களில் நடப்பவை உண்டு: கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதி விழித்தெழுவது, இலைத்துளை திறப்பது, பசுங்கணிகங்கள் செல்லுக்குள் இடம் மாறுவது. நாள்கணக்கில் நடப்பவையும் உண்டு: இலை தடிப்பது, காம்பு நீள்வது, பச்சையத்தின் அளவு மாறுவது.

முதல் வகைக்கு, பச்சையம் வெளிவிடும் ஒளிர்வை அளக்கும் ஒளிர்வுமானி போதும். இரண்டாவதுக்கு, இலையைச் சிறு அறைக்குள் கவ்வி அது எடுக்கும் கார்பன் டை ஆக்சைடையும் விடும் நீராவியையும் அளக்கும் வாயுப் பரிமாற்றக் கருவி வேண்டும். மூன்றாவதுக்கு வளர்ப்பறையும் ஸ்கேனரும் தராசும் பொறுமையும் இருந்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதி நெறியாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். கருவியைக் கையில் எடுத்த பிறகு கேள்வியைத் தேடினால், தேவையில்லாத தரவு மலைபோல் சேரும். தேவைப்பட்டது அதில் இருக்காது.

2. காகித வேலையை விதைக்கு முன்பே தொடங்குங்கள்

செடி வளர்க்க ஆகும் காலத்தைவிட அனுமதி கிடைக்க ஆகும் காலம் நீளமாக இருப்பது சாதாரணம். தாவர ஆய்வகங்களில் மாதிரிச் செடியாகப் பயன்படும் சிறு செடியான அரபிடாப்சிஸில் வேலை செய்வதாக இருந்தால், அமெரிக்காவின் ஒஹையோவில் உள்ள ஏபிஆர்சி, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உள்ள நாஸ்க் என்ற இரண்டு விதை மையங்களில் பெரும்பாலான திடீர்மாற்ற வகைகள் கிடைக்கும். வேறு நாட்டிலிருந்து வரவழைக்கிறீர்கள் என்றால் பொதுவாக இவை தேவைப்படும்:

- உங்கள் நாட்டின் இறக்குமதி அனுமதி
- அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ்
- சில வகைகளுக்குப் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம். இதில் கையெழுத்திடும் அதிகாரம் பெரும்பாலும் நிறுவனத்துக்கே உண்டு, உங்களுக்கோ நெறியாளருக்கோ இல்லை
- மரபணு மாற்றப்பட்ட விதை என்றால் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல்

கடைசியாகச் சொன்னதில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். டி-டிஎன்ஏ செருகல் வகைகளைப் பார்த்தால் சாதாரணத் திடீர்மாற்றம் போலத் தோன்றும். ஆனால் அவற்றுக்குள் வெளி டிஎன்ஏ இருக்கிறது, ஆகவே அவை மரபணு மாற்றப்பட்டவை. ஒவ்வொரு வகையின் பெயருக்கு எதிரிலும் அது எப்படி உருவாக்கப்பட்டது என்று குறித்துக்கொண்டு குழுவிடம் போங்கள்.

காட்டிலோ பாதுகாக்கப்பட்ட பகுதியிலோ இலை அளக்கப் போகிறீர்களா? இலையைப் பறிக்காமல் கருவியால் கவ்வி எடுத்தாலும் நுழைவு அனுமதி தனியாகத் தேவைப்படலாம். முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு தாளையும் தேடி எடுங்கள்: ஒளி உணரியின் அளவுத்திருத்தச் சான்றிதழ். ஃபோட்டான்களை எண்ணும் இந்தக் குவாண்டம் உணரிகளை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருத்தி வாங்கச் சொல்வது வழக்கம். ஆய்வக அலமாரியில் கிடக்கும் உணரி கடைசியாக எப்போது போய் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை என்றால், திருத்திய உணரி ஒன்றை எங்காவது கடன் வாங்கி, இரண்டையும் ஒரே ஒளியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

3. பணம் எங்கே போகும்

லை-கோர், வால்ட்ஸ், பிபி சிஸ்டம்ஸ் போன்றவை செய்யும் வாயுப் பரிமாற்றக் கருவிகள் ஆய்வகத்தின் மிக விலையுயர்ந்த பொருள்களில் சேரும். அதை நீங்கள் வாங்கப் போவதில்லை, இரவல் வாங்குவீர்கள். உங்கள் கணக்கில் விழுவது சில்லறைச் செலவுதான்: கார்பன் டை ஆக்சைடு சிறு உருளைகள், சோடா சுண்ணாம்பு, ஈரம் உறிஞ்சி, கேஸ்கெட், வடிகட்டி. சிறு உருளையை ஒரு முறை துளையிட்டுவிட்டால், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஒரு நாளுக்குள் காலியாகிவிடும். அதனால் அளவீடுகளைப் பல நாளுக்குச் சிதறவிடாமல் ஒரே நாளில் முடிந்தவரை சேர்த்துத் திட்டமிட்டால் உருளைச் செலவு குறையும்.

கருவியை முன்பதிவு செய்யும்போது நிறையப் பேர் மனக்கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள். ஒரு ஒளி வளைவுக்கு, இலையைப் பழக்கும் நேரத்தையும் சேர்த்து, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். நம்பகமாக அளக்க முடிவது காலை வேளையில்தான். பிற்பகலில் பல செடிகள் இலைத்துளையைச் சுருக்கிக்கொள்கின்றன. ஆக ஒரு நாளைக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு வளைவு. இரண்டு வகைச் செடி, வகைக்கு ஆறு செடி என்றால் நான்கு நாள் கேளுங்கள். பழுதுக்கு ஒரு நாள் கூட்டிக் கேளுங்கள்.

செலவைக் குறைக்க லக்ஸ்மானியை வாங்கிவிடாதீர்கள். அது மனிதக் கண்ணுக்கு ஏற்றபடி பச்சை ஒளிக்கு அதிக மதிப்புக் கொடுக்கும், சிவப்பையும் நீலத்தையும் குறைத்துக் காட்டும். இலைக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஃபோட்டான்களின் எண்ணிக்கை. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் என்று அதைச் சொல்கிறோம். வெயிலுக்கு 54 லக்ஸ் ஏறத்தாழ ஒரு மைக்ரோமோல். இதே எண்ணைச் சிவப்பு-நீல எல்இடி விளக்குக்குப் போட்டால் கணக்கு முழுவதும் தவறாகிவிடும்.

4. செடி வளரும் ஒளியை எழுதி வையுங்கள்

தெளிந்த நாளின் உச்சி வெயில் சுமார் 2000 மைக்ரோமோல். வளர்ப்பறைகளில் பெரும்பாலும் 100 முதல் 300தான் இருக்கும். அறையின் காட்சிப்பலகை காட்டும் எண்ணை நம்பாமல், உணரியை இலை இருக்கும் உயரத்தில் வைத்துத் தட்டு முழுவதையும் அளந்து ஒரு வரைபடம் போடுங்கள். நடுவில் ஒரு எண் இருக்கும், ஓரத்தில் அதைவிடக் கணிசமாகக் குறைந்த எண் இருக்கும். தட்டுகளை இரண்டு நாளுக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். செடி உயர உயர விளக்குக்கு நெருங்குவதால் வாரம் ஒரு முறை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

செறிவோடு ஒளி நேரத்தையும் எழுத வேண்டும். 200 மைக்ரோமோலில் 12 மணி நேரம் என்றால் ஒரு நாளில் ஒரு சதுர மீட்டருக்கு 8.64 மோல். வேறொருவர் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்ய இந்த எண்தான் கைகொடுக்கும்.

அதிகம் கவனிக்கப்படாத ஒன்று, தொலை சிவப்பு. வெயிலில் 660 நானோமீட்டர் சிவப்பும் 730 நானோமீட்டர் தொலை சிவப்பும் ஏறக்குறைய சமமாக இருக்கும். மற்ற இலைகளின் நிழலில் சிவப்பு உறிஞ்சப்பட்டுவிடும், தொலை சிவப்பு தப்பி வரும். இந்த விகிதம் சரிவதை ஃபைட்டோகுரோம் என்ற ஒளி உணர் புரதம் கண்டுகொள்கிறது. தண்டும் காம்பும் நீள்கின்றன. மலிவான எல்இடி விளக்குகளில் தொலை சிவப்பு கிட்டத்தட்ட இருக்காது. ஆகவே விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துவிட்டு "நிழலில் வளர்த்தேன்" என்று எழுதினால் அது பாதி உண்மை. அது குறைந்த ஒளி. மர நிழல் வேறு.

அரபிடாப்சிஸுக்குக் கால அளவு: விதையை ஈரத்தில் 4 டிகிரியில் இரண்டு முதல் நான்கு நாள் வைத்துப் பிறகு விதையுங்கள். நீண்ட பகலில் சீக்கிரம் பூத்துவிடும், இலை சிறியதாகவே நின்றுவிடும். 8 மணி நேரப் பகலில் வளர்த்தால் ஐந்தாறு வாரத்தில் கருவியின் கவ்வியில் வைக்கும் அளவுக்கு இலை அகலும். எந்தச் செடியானாலும் முழுதாக விரிந்த இலைகளில் இளையதை எடுங்கள். எல்லாச் செடியிலும் அதே வரிசை எண் இலையாக இருக்கட்டும். ஒளியை மாற்றினால் ஏற்கெனவே விரிந்துவிட்ட இலையின் தடிப்பு பெரிதாக மாறாது. புதிய ஒளியில் பிறந்து விரிந்த இலைக்காகக் காத்திருக்க வேண்டும். அட்டவணையில் அதற்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

5. அளக்கும் நாள் காலையில்

முந்தின மாலை செடிக்கு நீர் விடுங்கள். காலையில் கருவியை இயக்கி அது சூடேறும் வரை விட்டுவிடுங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஈரம் உறிஞ்சியின் நிறம் மாறியிருக்கிறதா பாருங்கள். கேஸ்கெட்டை விரலால் தடவிப் பாருங்கள். நாள்பட்ட கேஸ்கெட்டில் இலை நரம்பு பதிந்த பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தின் வழியாக வெளிக்காற்று கசியும்.

கருவியின் இலை அறையைக் காலியாக மூடி, அதைச் சுற்றி மூச்சை ஊதுங்கள். திரையில் கார்பன் டை ஆக்சைடு அளவு துள்ளினால் கசிவு இருக்கிறது. பிறகு அறைக்குள் போகும் காற்றையும் வெளிவரும் காற்றையும் அளக்கும் இரண்டு பகுப்பாய்விகளும் ஒரே எண்ணைக் காட்டும்படி பொருத்துங்கள். காலி அறை காட்டும் ஒளிச்சேர்க்கை வீதம் சுழியை ஒட்டி நிற்க வேண்டும். அது 0.5 என்று காட்டினால், குறைந்த ஒளியில் நீங்கள் அளக்கப்போகும் எண்களில் பாதி பொய். அதைச் சரிசெய்யாமல் இலையைத் தொடாதீர்கள்.

6. இலையைப் பழக்குங்கள்

முழு வேலையிலும் அதிகம் கெட்டுப்போகும் இடம் இதுதான்.

200 மைக்ரோமோலில் நின்றிருந்த செடியின் இலையைக் கவ்வி, 1500க்கு ஒளியை ஏற்றியவுடன் திரையைப் பாருங்கள். ஒளிச்சேர்க்கைக் கோடு முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் விறுவிறு என்று ஏறும். பிறகு வேகம் குறையும். இதோ நின்றுவிட்டது என்று கை பொத்தானுக்குப் போகும். அப்போது பக்கத்துச் சன்னலில் இருக்கும் இலைத்துளைக் கடத்துதிறனை (துளைகள் எவ்வளவு திறந்திருக்கின்றன என்பதன் அளவு) பாருங்கள்: அது இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும். நொதிகள் சில நிமிடத்தில் தயாராகிவிடும், இலைத்துளைக்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். இருபது, முப்பது நிமிடம் ஆவது வழக்கம். சில மர இலைகளுக்கு அதற்கும் மேல். துளை திறக்கத் திறக்க ஒளிச்சேர்க்கை மெல்ல இன்னும் கொஞ்சம் மேலே போகும். நடுவில் பதிவு செய்தால் உங்களுக்குக் கிடைப்பது இலையின் திறன் அல்ல, அது எழுந்து வரும் வழியில் ஒரு புள்ளி.

எனவே விதி இதுதான்: இரண்டு கோடும் ஐந்து நிமிடம் தட்டையாக ஓடிய பிறகே முதல் பதிவு. கருவியின் தானியங்கி நிரல் "நிலைபெற்றது" என்று சொன்னால் மட்டும் போதாது. அது குறுகிய நேரச் சாளரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது, மெதுவான ஏற்றம் அதன் கண்ணில் படாது.

அறையின் மற்ற நிலைகளையும் இப்போதே பூட்டிவிடுங்கள். இலை வெப்பநிலை 25 டிகிரி. கருவியின் உடல் வெப்பநிலையை அல்ல, இலையின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துங்கள். வலுவான ஒளியில் இரண்டும் பிரிந்துபோகும். கார்பன் டை ஆக்சைடு 400 அல்லது 420 பிபிஎம். ஆவியழுத்தப் பற்றாக்குறை (காற்று எவ்வளவு வறண்டு இலையிலிருந்து நீரை இழுக்கிறது என்பதன் அளவு) 1 முதல் 1.5 கிலோபாஸ்கல். ஒளியில் பத்தில் ஒரு பங்கு நீலம் இருக்கட்டும். தனிச் சிவப்பில் பல செடிகளின் இலைத்துளை சரியாகத் திறக்காது, ஏனென்றால் திறக்கச் சொல்லும் ஃபோட்டோட்ரோபின்கள் நீல ஒளியைத்தான் உணர்கின்றன.

7. வளைவை மேலிருந்து கீழே எடுங்கள்

துளை திறந்த நிலையில் தொடங்கி ஒளியைப் படிப்படியாகக் குறைப்பது நல்லது. கீழிருந்து மேலே போனால் ஒவ்வொரு படியிலும் துளைக்காகக் காத்திருக்க வேண்டிவரும். வெயிலில் வளர்ந்த சி3 இலைக்கு (பெரும்பாலான செடிகள் இந்த வகை) 1500, 1000, 700, 500, 300, 200, 150, 100, 70, 50, 30, 15, 0 என்று வைக்கலாம். கார்பன் டை ஆக்சைடை இலைக்குள் செறிவாக்கிக்கொள்ளும் சோளம் போன்ற சி4 செடிகள் 1500இலும் ஏறிக்கொண்டே இருக்கும், 2000இல் தொடங்குங்கள். நிழல் இலையை அந்த அளவுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதற்கு 500, 600இலேயே வளைவு படுத்துவிடும். அதற்கு மேல் போனால் ஒளிச்சேதம்தான் மிச்சம்.

ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று நிமிடம். 100க்குக் கீழே புள்ளிகளை நெருக்கமாக வையுங்கள். வளைவின் ஆரம்பச் சரிவும் (ஒளி கூடும்போது ஒளிச்சேர்க்கை ஏறும் வீதம்), ஈடுசெய் புள்ளியும் (ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் சமமாகும் ஒளி அளவு) அங்கேதான் இருக்கின்றன. கருவி தடுமாறுவதும் அங்கேதான், எனவே ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் பகுப்பாய்விகளைப் பொருத்துங்கள்.

சுழி ஒளியில் வரும் சுவாச அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். விளக்கு அணைந்த சில நிமிடங்களுக்குச் சுவாசம் இயல்பைவிடக் கூடுதலாக இருக்கும். இருட்டுச் சுவாசம் உங்களுக்கு முக்கியம் என்றால் அரை மணி நேர இருட்டுக்குப் பிறகு தனியாக அளந்துகொள்ளுங்கள்.

இலை அறையை முழுதாக நிரப்பவில்லை என்றால், உள்ளே இருந்த பகுதியை ஸ்கேன் செய்து பரப்பைத் திருத்துங்கள். இதை மறப்பவர்கள் ஏராளம். கருவி தன் அறையின் முழுப் பரப்பையும் வைத்து வகுத்துவிடும். உங்கள் எண் சத்தமில்லாமல் குறைந்துவிடும்.

8. ஒளிர்வு அளவீடு: இருட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

எஃப்வி/எஃப்எம் விகிதத்துக்கு (இருட்டில் பழகிய இலை ஒளியைப் பயன்படுத்தும் உச்சத் திறனைக் காட்டும் எண்) இலையை 20 முதல் 30 நிமிடம் இருட்டில் வைக்கச் சொல்வார்கள். நலமான இலைக்கு 0.83ஐ ஒட்டி வரும். 0.7 வந்தால் செடி நோயுற்றது என்று உடனே எழுதாதீர்கள். அது நேற்று முழுக்கக் கடும் ஒளியில் நின்றிருக்கலாம். வெப்பமாக வெளியேற்றும் வேகமான பகுதி சில நிமிடத்தில் அடங்கும். சியாசாந்தின் என்ற நிறமியைச் சார்ந்த பகுதிக்குப் பல பத்து நிமிடம் ஆகும். சேதமடைந்த ஒளிச்சேர்க்கை மையங்கள் சரியாக மணிக்கணக்கு ஆகும். எல்லாம் அடங்கிய நிலை வேண்டுமென்றால் விடியுமுன், விளக்கு எரியும் முன் அளந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுத்தமான தரவு தரும் நேரம் வேறு இல்லை.

எலக்ட்ரான் ஓட்ட வீதத்தைக் கருவி காட்டும்போது, இலை ஒளியில் 84 விழுக்காட்டை உறிஞ்சுகிறது என்று அது பெரும்பாலும் தானாகவே வைத்துக்கொள்கிறது. வெளிறிய திடீர்மாற்ற வகைக்கு அந்த எண் பொருந்தாது. இரு வகைகளை ஒப்பிடும் முன் உறிஞ்சும் அளவை நீங்களே அளந்து மாற்றுங்கள்.

9. கருவி கிடைக்கும் வரை செய்யக்கூடிய ஒரு சோதனை

முன்பதிவு தள்ளிப்போனால் வாரத்தை வீணாக்காதீர்கள். மெல்லிய இலை ஒன்றைப் பறித்து ஈரமான அகார் மேல் வையுங்கள். கறுப்புத் தாளில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறல் போட்டு இலை மேல் மூடி, மேலிருந்து வலுவான வெள்ளை ஒளியை ஒரு மணி நேரம் பாய்ச்சுங்கள். சூடேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாளை எடுத்தால் கரும்பச்சை இலையின் நடுவில் வெளிறிய கோடு ஒன்று தெரியும். அங்கே பச்சையம் அழியவில்லை. பசுங்கணிகங்கள் ஒளியைத் தவிர்க்கச் செல்லின் பக்கச் சுவர்களுக்கு ஒதுங்கிவிட்டன, ஒளி இடைவெளி வழியாக ஊடுருவிப் போகிறது. மங்கலான ஒளியில் சிறிது நேரம் விட்டால் கோடு மறைந்துவிடும். ஃபோட்டோட்ரோபின் 2 இல்லாத செடியில் இந்தக் கோடு விழாது. கைபேசி ஒளிப்படமே போதுமான பதிவு. அளவுகோலையும் சேர்த்து எடுங்கள்.

10. தரவைப் பொருத்தும் முன்

ஒரே செடியின் நான்கு இலைகளை அளந்துவிட்டு மாதிரி எண்ணிக்கை நான்கு என்று எழுதாதீர்கள். எண்ணிக்கை செடியைப் பொறுத்தது. இந்த நான்கும் சேர்ந்து ஒன்று. மதிப்புரையாளர்கள் இதை முதலில் பிடிப்பார்கள், அப்போது செடிகள் உயிரோடு இருக்காது.

புள்ளிகளுக்குச் சமன்பாட்டை (வளைவை) பொருத்த, ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி போதும். ஒளி வளைவுகளுக்கு வழக்கமாகப் பயன்படும் செவ்வகமல்லா அதிபரவளைவுச் சமன்பாட்டை எழுதி, தொடக்க மதிப்புகளை நீங்களே கொடுங்கள். ஆரம்பச் சரிவுக்கு ஈடுசெய் புள்ளியின் மேல்பக்கம் உள்ள நேர்கோட்டுப் பகுதியை மட்டும் எடுங்கள். அதற்குக் கீழே கோடு திடீரென்று இன்னும் செங்குத்தாக மடங்கும். ஒளி வந்ததும் சுவாசம் குறைவதால் வரும் மடிப்பு அது, காக் விளைவு என்பார்கள். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் சரிவு கூடிப்போகும். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுக்கு எட்டு ஃபோட்டானாவது வேண்டும், ஆகவே சரிவு 0.125ஐத் தாண்டவே முடியாது. சாதாரணக் காற்றில் சி3 இலைக்கு 0.05ஐ ஒட்டித்தான் வரும். 0.1 வந்தால் இலையின் பரப்பையும் கசிவையும் மறுபடி பாருங்கள்.

கோப்பின் பெயரில் நாள், செடி எண், இலை எண் மூன்றும் இருக்கட்டும். மூலக் கோப்பைத் திறந்து திருத்தாமல் நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். குறிப்பேட்டில் அளந்த நேரம், விளக்கு எரிந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, பழக்கிய நிமிடம், கேஸ்கெட் மாற்றிய நாள் எல்லாம் அன்றே ஏற வேண்டும். கருவியைப் பெட்டியில் வைக்கும் முன் இலை அறையின் கவ்வியைத் தளர்த்திவிடுங்கள். இறுக்கி வைத்தால் அடுத்து எடுப்பவருக்குக் கேஸ்கெட் நசுங்கித்தான் கிடைக்கும்.